மருத்துவர் பதில்கள்: எந்த நூற்றில் தொண்ணூறு?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை குமுளி மலைப்பாதையின் இரு முனைகளிலிருந்தும் வந்தவை. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து விடியுமுன் ஜீப் ஏறி ஏலத்தோட்டங்களுக்குச் செல்பவர்களும், வண்டிப்பெரியாறு, பீர்மேடு தோட்டங்களின் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பத்தாரும் எழுதியிருக்கிறார்கள். முழங்கால், தோல், அறுவைக் காயம் என்று கேள்விகள் வேறுபட்டாலும், ‘ஆய்வில் நிரூபிக்கப்பட்டது’, ‘ஆய்வுக்குக் கூப்பிடுகிறார்கள்’, ‘ஆய்வு என்கிறார்களே, நம்பலாமா’ என்று ஏதோ ஒரு விதத்தில் அந்தச் சொல் பல கடிதங்களில் இருப்பதால், இவற்றை ஒரே இதழில் சேர்த்திருக்கிறேன். நான் எலும்பு, மூட்டு அறுவை மருத்துவன். தோல் பற்றிய பதில்களைத் தோல் மருத்துவரான நண்பர் ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்த பிறகே அச்சுக்குக் கொடுத்தேன்.

கேள்வி: என் அம்மாவுக்கு 54 வயது. ஏலத்தோட்டத்தில் கூலி வேலை. கீழே விழவில்லை, அடிபடவில்லை. ஆறு மாதமாக வலது முழங்காலில் வலி. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துவிட்டு ஜவ்வு கிழிந்திருக்கிறது, துளை வழியாக அறுவை செய்ய வேண்டும் என்கிறார்கள். ‘நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குக் குணமாகிறது, ஆய்வில் நிரூபிக்கப்பட்டது’ என்று சொன்னார்கள். நகையை அடகு வைத்துத்தான் பணம் கட்ட வேண்டும். செய்யலாமா ஐயா?
— வாசகர், குமுளி

பதில்: முதலில் அந்த ‘ஜவ்வு’ என்ற சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம், ஏனென்றால் பாதிக் குழப்பம் அதில்தான் இருக்கிறது. முழங்காலுக்குள் இரண்டு வேறு பொருள்களை நாம் ஜவ்வு என்றே அழைக்கிறோம். ஒன்று, தொடை எலும்புக்கும் கணுக்கால் வரை செல்லும் கீழ் எலும்புக்கும் நடுவே மெத்தை போல அமர்ந்திருக்கும் பிறை வடிவக் குருத்தெலும்பு. மெனிஸ்கஸ் என்பது இதுதான். மற்றொன்று, இரண்டு எலும்புகளையும் கயிறு போல இழுத்துக் கட்டியிருக்கும் தசைநார். அடியே படாமல், மெல்ல மெல்ல வலி தொடங்கிய 54 வயதுப் பெண்ணின் அறிக்கையில் எழுதியிருப்பது பெரும்பாலும் முதலாவதாகத்தான் இருக்கும். அறிக்கையை எடுத்து அந்த ஒரு சொல்லை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். நான் இனி எழுதுவது மெனிஸ்கஸ் தேய்ந்து கிழிந்த நிலையைப் பற்றியது.

வயது ஏற ஏற இந்த மெத்தையின் ஓரம் நைந்துபோவது மிகச் சாதாரணம். அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் நகரில், வலி இருக்கிறதா இல்லையா என்று பாராமல், 50 வயதைக் கடந்த 991 பேரின் முழங்கால்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 2008ல் வெளியிட்டார்கள். மெனிஸ்கஸ் கிழிந்திருந்தவர்களில் நூற்றுக்கு 61 பேருக்கு முந்தைய ஒரு மாதத்தில் முழங்கால் வலியோ பிடிப்போ எதுவுமே இல்லை. அப்படியானால், உங்கள் அம்மாவின் படத்தில் தெரியும் கிழிசல்தான் அவருடைய வலிக்குக் காரணம் என்று படத்தை மட்டும் வைத்து யாராலும் சொல்ல முடியாது.

இப்போது தொண்ணூறுக்கு வருவோம். அந்த எண் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். பின்லாந்து நாட்டில் ஐந்து மருத்துவமனைகள் சேர்ந்து செய்த ஆய்வு 2013ல் வெளிவந்தது. 35 முதல் 65 வயதுக்குட்பட்ட, மூட்டுத் தேய்மானம் இல்லாத, மெனிஸ்கஸ் மட்டும் நைந்து கிழிந்த 146 பேரை எடுத்துக்கொண்டார்கள். எல்லோரையும் அறுவை அரங்கத்துக்குக் கொண்டுசென்று, துளையிட்டு, கேமராவால் மூட்டுக்குள் பார்த்தார்கள். பிறகு, யாருக்கு எது என்று குலுக்கலில் முடிவு செய்து மூடி வைத்திருந்த உறையைத் திறந்தார்கள். சீட்டில் என்ன எழுதியிருந்ததோ அதன்படி ஒரு பாதியினருக்குக் கிழிந்த பகுதியை வெட்டி எடுத்தார்கள். மறு பாதியினருக்கு எதையும் வெட்டாமல், வெட்டுவது போன்ற ஓசைகளை மட்டும் எழுப்பி, அதே அளவு நேரம் கழித்து வெளியே அனுப்பினார்கள். தனக்கு எது நடந்தது என்று நோயாளிக்கும் தெரியாது, பின்னர் அவரைச் சோதித்தவருக்கும் தெரியாது. ஓராண்டு கழித்துக் கேட்டபோது, உண்மையான அறுவை பெற்றவர்களில் நூற்றுக்கு 89 பேர் முன்னைவிட நலம் என்றார்கள். உங்களிடம் சொல்லப்பட்ட தொண்ணூறு ஏறத்தாழ இதுவே. ஆனால் எதுவுமே வெட்டப்படாதவர்களிலும் நூற்றுக்கு 83 பேர் நலம் என்றார்கள். இந்தச் சிறு இடைவெளி தற்செயலாகவே வரக்கூடிய அளவுதான். வலி, நடை, மூட்டின் இயக்கம் ஆகிய முக்கிய அளவுகோல்கள் எதிலும் இரு பிரிவினருக்கும் வேறுபாடு தென்படவில்லை.

ஆகவே ஒரு வெற்றி விகிதத்தைக் கேட்டதும் நாம் கேட்க வேண்டியது, ‘இதைச் செய்யாமல் இருந்தவர்களில் எத்தனை பேருக்கு நலமாயிற்று’ என்பதே. ஒப்பிட ஆள் இல்லாத எண்ணிக்கையில், காலம் ஆற்றியதும், ஓய்வு ஆற்றியதும், நம்பிக்கை ஆற்றியதும் எல்லாமே கத்தியின் கணக்கில் வரவு வைக்கப்படுகின்றன. தேய்மானம் கண்ட முழங்காலுக்கும் இதே பாடத்தை ஹூஸ்டன் நகர ஆய்வு ஒன்று 2002லேயே சொல்லிவிட்டது. அங்கே 180 நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு மூட்டைக் கழுவினார்கள், ஒரு பிரிவினருக்குச் சுரண்டிச் சீராக்கினார்கள், மூன்றாம் பிரிவினருக்குத் தோலில் கீறல் மட்டும் போட்டுவிட்டு, கழுவும் ஓசை கேட்கும்படி தண்ணீரைத் தெளித்தார்கள். இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்தும் மூவருக்கும் வேறுபாடு இல்லை.

அப்படியானால் அம்மாவுக்கு என்ன செய்வது? நார்வேயில் 140 பேரைக் கொண்டு நடந்து 2016ல் வெளிவந்த ஆய்வில், துளை வழி அறுவையையும் 12 வாரத் தசைப் பயிற்சியையும் நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். இரண்டு ஆண்டு முடிவில் இரண்டும் சமம்; மூன்றாம் மாதத்தில் பார்த்தபோது, பயிற்சி பெற்றவர்களின் தொடைத் தசை கூடுதல் வலுவோடு இருந்தது. பயிற்சிப் பிரிவில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பின்னர் அறுவைக்குச் சென்றார் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பயிற்சியை முதலில் முயல்வதால் அறுவையின் கதவு மூடிவிடுவதில்லை என்பதற்கும் அதுவே சான்று. எனவே இயன்முறை மருத்துவர் ஒருவரிடம் மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி எடுக்கட்டும். ஏலச் சரத்துக்கருகில் குத்தவைத்துக் காய் பறிக்கும்போது, முழுதும் மடங்கி உட்காராமல் சிறு மணையில் அமரட்டும். பறித்த காயைச் சுமந்துகொண்டு சரிவில் இறங்கும் வேலையை அந்த மூன்று மாதம் வேறொருவர் ஏற்க முடியுமா என்று கங்காணியிடம் பேசிப் பாருங்கள். முழங்கால் திடீரென்று பூட்டிக்கொண்டு நீட்டவே முடியாமல் போனால் மட்டும் இந்தப் பதிலை ஒதுக்கி வைத்துவிட்டு உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். அது வேறு நிலைமை, அதற்கு அறுவை பயன்படும். நகை வீட்டிலேயே இருக்கட்டும்.

கேள்வி: வயது 23. கபடி ஆடுகிறேன். இரண்டு மாதத்துக்கு முன் ரெய்டு போனபோது கால் திருகி, அன்றே முழங்கால் வீங்கிவிட்டது. ஏ.சி.எல். முழுதாக அறுந்துவிட்டதாம். ஒரு டாக்டர் உடனே அறுவை என்கிறார். இன்னொருவர் மூன்று மாதம் பயிற்சி செய்து பார் என்கிறார். இரண்டு பேருமே ஆய்வு இருக்கிறது என்கிறார்கள்.
— வாசகர், போடிநாயக்கனூர்

பதில்: தம்பி, இருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். உங்களுக்கு அறுந்திருக்கும் ஏ.சி.எல்., முந்தைய பதிலில் சொன்ன மெத்தையல்ல, எலும்புகளைக் கட்டியிருக்கும் கயிறு.

சுவீடனில் 18 முதல் 35 வயது வரையுள்ள, அண்மையில் அடிபட்ட 121 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு உடனடி அறுவையும் பயிற்சியும். மற்றதற்கு முதலில் பயிற்சி, பிறகு தேவைப்பட்டால் அறுவை. 2010ல் வெளியான இரண்டாண்டு முடிவில் இரு பிரிவினரின் முழங்கால்களும் ஒரே நிலையில் இருந்தன. ஐந்து ஆண்டு கழிந்தபோது, காத்திருந்த பிரிவில் பாதிப் பேர் அறுவை செய்துகொண்டிருந்தார்கள், பாதிப் பேருக்கு அது தேவைப்படவே இல்லை. இரண்டாம் மருத்துவர் மனத்தில் கொண்டிருப்பது இதைத்தான். ஆனால் பிரிட்டனில் 316 பேரைக் கொண்டு நடந்து 2022ல் வெளியான ஆய்வு, அடிபட்டு நாளாகியும் முழங்கால் நிலையில்லாமல் விலகிக்கொண்டேயிருப்பவர்களை எடுத்துக்கொண்டது. அவர்களிடையே 18 மாத முடிவில் அறுவை பெற்றவர்களே தெளிவாக நலமாக இருந்தார்கள். முதல் மருத்துவருக்கு இது ஆதரவு. இரண்டு ஆய்வுகளும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. அவை வெவ்வேறு கட்டத்திலுள்ள நோயாளிகளைப் பற்றிப் பேசுகின்றன.

ஓர் ஆய்வில் யாரைச் சேர்த்தார்கள், யாரை விலக்கினார்கள் என்பது முடிவைப் போலவே முக்கியமானது. சுவீடன் ஆய்வில் தொழில்முறை விளையாட்டு வீரர்கள் சேர்க்கப்படவில்லை. கபடியோ, ஒற்றைக் காலை ஊன்றித் திரும்புவதும், பிடித்தவரை இழுத்துக்கொண்டு பாய்வதுமாக அந்தக் கயிற்றையே நம்பி நிற்கும் ஆட்டம். மீண்டும் களத்தில் இறங்குவதுதான் உங்கள் உறுதியான எண்ணம் என்றால், வீக்கம் வடிந்து, கால் முழுதாக மடங்கி நீளும்வரை பயிற்சி செய்துவிட்டு அறுவைக்குச் செல்வதே எனக்குச் சரியாகத் தோன்றுகிறது. ஆட்டத்தை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறேன் என்றால், பயிற்சியோடு மூன்று மாதம் பார்ப்பதில் எந்த இழப்பும் இல்லை. ஆனால் நடக்கும்போதே முழங்கால் நழுவுகிறது என்றால் காத்திருக்காதீர்கள், ஒவ்வொரு நழுவலும் மெத்தையையும் கிழிக்கக்கூடும். அறுவை செய்துகொண்டால் ஒன்பது மாதத்துக்கு முன்னால் எந்தப் போட்டிக்கும் பெயர் கொடுக்க வேண்டாம். ஒன்பதாம் மாதம் வரை, களத்துக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மீண்டும் அடிபடும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைவதை நார்வே ஆய்வாளர்கள் 2016ல் காட்டியிருக்கிறார்கள். தைப்பொங்கல் போட்டிக்கு ஊர் அணி கூப்பிட்டாலும் இதையே சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் இடுப்பிலும் தொடையிலும் படர்தாமரை. மெடிக்கல் கடையில் ட்யூப் வாங்கிப் போட்டால் ஒரு வாரத்தில் மறைகிறது, நிறுத்தினால் இரண்டு மடங்காக வருகிறது. பெரிய ஆஸ்பத்திரியில் காட்டியபோது, ஓர் ஆய்வில் சேருங்கள், இரண்டு மாத்திரைகளில் ஏதோ ஒன்று கிடைக்கும், எது என்று குலுக்கலில் முடிவாகும் என்றார்கள். கையெழுத்துப் போடக் கொடுத்த தாள் முழுக்க மலையாளம். பேசினால் புரியும், படிக்கத் தெரியாது. எங்களைச் சோதனை எலியாக்குகிறார்களோ என்று பயந்து வந்துவிட்டோம்.
— வாசகி, வண்டிப்பெரியாறு

பதில்: அம்மா, நீங்கள் கையெழுத்துப் போடாமல் வந்தது சரி. ஆய்வுக்குப் பயந்து வந்தது மட்டும் சரியில்லை. இரண்டையும் பிரித்துச் சொல்கிறேன்.

முதலில் அந்த ட்யூப். அதில் பூஞ்சை மருந்தோடு வீரியமான ஸ்டீராய்டும் கலந்திருக்கும் என்பது, நீங்கள் சொல்லும் கதையிலிருந்தே தெரிகிறது. ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் அடக்கிவிடும். ஆனால் பூஞ்சையை எதிர்த்து நிற்கும் தோலின் காவலையும் சேர்த்து அடக்கிவிடும். வெளியே அமைதி, உள்ளே பரவல். இத்தகைய களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018ல் நடுவண் அரசு விதியை இறுக்கியும், கடைகளில் அவை கையில் கிடைப்பது என்னைத் துயரப்படுத்துகிறது. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளாக நம் நாடெங்கும் படர்தாமரை எளிதில் அடங்காத நோயாக மாறியிருப்பதில் இந்தத் தவறான பயன்பாட்டுக்குப் பங்கு உண்டு என்பது தோல் மருத்துவர்களின் கருத்து. இன்று பரவும் பூஞ்சையில் ஒரு வகைக்கு டிரைகோஃபைட்டான் இண்டோடினியே என்று நம் நாட்டின் பெயரையே சேர்த்து 2020ல் பெயரிட்டிருக்கிறார்கள். டெர்பினஃபைன் என்ற மருந்துக்கு அது பல நேரங்களில் மசிவதில்லை.

இனி அந்தக் குலுக்கல். இரண்டு மருந்துகளில் எது மேல் என்று மருத்துவருக்கே நேர்மையாகத் தெரியாத நிலையில்தான் குலுக்கல் நியாயமாகிறது. தெரிந்திருந்தும் குலுக்கினால் அது குற்றம். ‘ஏன் டாக்டர் தாமே தேர்ந்தெடுக்கக் கூடாது’ என்று நீங்கள் கேட்கலாம். நோய் முற்றியவருக்கு ஒரு மாத்திரையையும் லேசாக இருப்பவருக்கு மற்றதையும் அவர் தம்மை அறியாமலே கொடுத்துவிடுவார். பிறகு குணமானது மருந்தாலா, நோய் லேசாக இருந்ததாலா என்று யாராலும் பிரிக்க முடியாது. வாரணாசியில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் இப்படித்தான் 200 நோயாளிகளைக் குலுக்கலில் நான்காகப் பிரித்து, நான்கு மாத்திரைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். எட்டு வாரத்தில் இட்ராகொனசோல் பெற்றவர்களில் நூற்றுக்கு 66 பேர் குணமானார்கள், ஃப்ளூகொனசோலில் 42, பல ஆண்டுகளாக நாம் நம்பிக் கொடுத்துவந்த டெர்பினஃபைனில் 28, கிரீசியோஃபல்வினில் 14. அந்த 200 பேர் குலுக்கலுக்குச் சம்மதித்ததால்தான், உங்கள் தெருவில் மருந்து எழுதும் மருத்துவருக்கு இன்று ஒரு வழி தெரிகிறது. அவர்களை எலி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் சம்மதம் என்பது கைரேகையோ கையொப்பமோ அல்ல, புரிந்துகொண்டு ஒப்புவது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, ஆய்வு பற்றிய தகவல் தாளும் சம்மதப் படிவமும் பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். இடுக்கி மாவட்டத்தில் தோட்டங்களிலும் சந்தைகளிலும் தமிழ் கேட்காத நாளே இல்லை. அங்கே நோயாளிகளைச் சேர்க்கும் ஆய்வுக்குத் தமிழ்ப் படிவம் இல்லாமல் இருப்பது ஒரு குறை, அதைக் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை. பேச்சு மலையாளம் புரிகிறது என்பதால் எழுத்து மலையாளமும் புரியும் என்று எடுத்துக்கொள்வது எல்லைப்புறத்தில் அடிக்கடி நடக்கும் பிழை. படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வோடு தொடர்பில்லாத ஒருவர் சாட்சியாக உடனிருந்து, முழுதும் வாசித்துச் சொல்லப்பட்டதைக் கேட்டுக் கையொப்பமிட வேண்டும்.

மீண்டும் போங்கள். தமிழ்த் தாள் கேளுங்கள். வீட்டுக்கு எடுத்துவந்து பள்ளியில் படிக்கும் பிள்ளையைவிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். நடுவில் விலகினாலும் வழக்கமான சிகிச்சை தொடருமா, மருந்தால் ஏதேனும் கேடு நேர்ந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது, கல்லீரல் சோதனை எப்போது எடுப்பார்கள், நீங்கள் கருவுற்றிருந்தால் அல்லது தாய்ப்பால் கொடுத்தால் என்ன என்று கேளுங்கள். 2007ல் தொடங்கப்பட்ட இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அந்த ஆய்வின் பதிவு எண் என்ன என்றும் கேளுங்கள். யார் வேண்டுமானாலும் பணம் இல்லாமல் பார்க்கக்கூடிய பதிவேடு அது. இவற்றுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறவர்களின் ஆய்வில் தாராளமாகச் சேரலாம். சேர்ந்தாலும் சேராவிட்டாலும் ட்யூபை நிறுத்துங்கள். நிறுத்தியதும் அரிப்பு கூடும் என்பதால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். கணவன், மனைவி இருவரும் ஒரே நேரத்தில் சிகிச்சை எடுக்க வேண்டும். லயத்தில் ஒரே கொடியில் துணி காயப்போடுவதும் ஒரே துண்டைப் பயன்படுத்துவதும் நோயை ஒருவரிடமிருந்து மற்றவருக்கு அனுப்பிக்கொண்டேயிருக்கும். மழைக்காலத்தில் அரைகுறையாகக் காய்ந்த உள்ளாடையை அணிவதும் அப்படியே.

கேள்வி: அப்பாவுக்குக் குடலிறக்க அறுவை. முதல் நாள் இரவே வீட்டில் சவரக் கத்தியால் மழித்துவிட்டு வரச் சொன்னார்கள். இது தேவையா?
— வாசகி, செங்கோட்டை

பதில்: வேண்டாம். உலகச் சுகாதார நிறுவனம் 2016ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், அறுவைக்கு முன் முடியை அகற்றாமலே விடலாம், கட்டாயம் என்றால் கத்தரிக்கும் கருவியால் மட்டும் வெட்ட வேண்டும், சவரக் கத்தி எப்போதுமே கூடாது என்று உறுதியாகச் சொல்லியிருக்கிறது. கத்தி போடும் கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் ஓர் இரவுக்குள் கிருமிகள் குடியேறிவிடும். அறுவைக்கு முன் சோப்புப் போட்டு நன்றாகக் குளித்தால் போதும்.

காயத்தில் சீழ் பிடிப்பதைக் குறைக்க விலையுயர்ந்த மருந்தே வேண்டும் என்பதும் இல்லை. இந்தியா உட்பட ஏழு நாடுகளில் 81 மருத்துவமனைகளில் 13,301 நோயாளிகளைக் கொண்டு நடந்த ஆய்வு 2022ல் வெளிவந்தது. வயிற்று அறுவையில் காயத்தைத் தைத்து மூடுவதற்கு முன் கையுறைகளையும் கருவிகளையும் மாற்றினார்கள், அவ்வளவுதான். சீழ் பிடித்தவர்கள் நூற்றுக்கு 18.9 என்பதிலிருந்து 16 ஆகக் குறைந்தார்கள். இதை அளக்க அவர்கள் நோயாளிகளை 30 நாள் பின்தொடர்ந்தார்கள். முன்பு திருவிதாங்கூரிலும், பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்த உங்கள் ஊரார் இன்றும் திருவனந்தபுரத்தில் அறுவை செய்துகொண்டு ஊர் திரும்பித் தையல் பிரிப்பதை நான் பார்த்திருக்கிறேன். எட்டாம் நாளில் செங்கோட்டையில் சீழ் வடிந்தால், அறுத்த மருத்துவமனையின் கணக்கில் அது ஏறாது. அங்கே அப்பா ‘நலமாக வீடு திரும்பியவர்’. அப்படி ஏதும் நேர்ந்தால் இங்கே கட்டுப் போட்டுக்கொள்வதோடு, அங்கேயும் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: எட்டு ஆண்டுகளாகக் காளாஞ்சகப்படை. இப்போது கைவிரல் ஒன்று முழுதும் வீங்கி, காலையில் மடக்க முடியவில்லை. முடக்குவாத ரத்தச் சோதனையில் ஒன்றும் இல்லை. தோல் டாக்டரிடமா, எலும்பு டாக்டரிடமா?
— வாசகர், கூடலூர் (தேனி)

பதில்: மூட்டு வாத மருத்துவரிடம், இந்த மாதத்துக்குள். சொரியாசிஸ் என்கிற காளாஞ்சகப்படை உள்ளவர்களில் மூவரில் ஒருவர் வரை மூட்டழற்சி வரக்கூடும். விரல் நுனி முதல் அடிவரை ஒரே பருமனாக வீங்குவதும், நகத்தில் ஊசி குத்தியது போலக் குழிகள் விழுவதும் அதன் அடையாளங்கள். முடக்குவாதச் சோதனை இதில் பெரும்பாலும் ஒன்றும் காட்டாது, அதனால் ஏமாந்துவிட வேண்டாம். அயர்லாந்தில் 283 நோயாளிகளை ஆராய்ந்து 2015ல் வெளியிட்ட கட்டுரையில், ஆறு மாதம் தாமதித்து வந்தவர்களுக்கே மூட்டுச் சிதைவு கூடுதலாக இருந்தது. வலிக்காக யாரேனும் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால், படை இருப்பதைச் சொல்லாமல் விழுங்காதீர்கள். நிறுத்தும்போது தோல் கொதித்துப் பொங்கிவிடக்கூடும்.

கேள்வி: இரண்டு முழங்கால்களிலும் மூட்டு மாற்று அறுவை செய்து ஒரு வருடம் ஆகிறது. மலைக்கு அந்தப் பக்கம் உள்ள மருத்துவமனையில் செய்தேன். தினமும் வயலுக்கு நடந்துபோய் வருகிறேன், ஒரு குறையும் இல்லை. ஆனாலும் ஆய்வுக்காக என்று வரச் சொல்லித் தொலைபேசியில் கூப்பிட்டுக்கொண்டேயிருக்கிறார்கள். போய்வர ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் ஆகிறது. நலமாக இருக்கிறவன் எதற்குப் போக வேண்டும்?
— வாசகர், கம்பம்

பதில்: ஐயா, உங்கள் கேள்வி எனக்கு ஒரு பழைய தவறை நினைவூட்டியது. பணியில் சேர்ந்த சில ஆண்டுகளில், நாங்கள் செய்த இடுப்பு அறுவைகளின் பலனைத் தொகுத்து மாநாடு ஒன்றில் வாசித்தேன். மறுபரிசோதனைக்கு வந்தவர்களை மட்டும் எண்ணினேன். வராதவர்கள் நலமாக இருப்பதால்தான் வரவில்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன். முடிவு மிக நன்றாக இருந்தது, கை தட்டினார்கள். பிறகு ஒரு திருமணத்துக்காக மலையடிவார ஊர் ஒன்றுக்குச் சென்றபோது, வராதவர்களில் ஒருவரைக் கம்பு ஊன்றி நடக்கக் கண்டேன். பொருத்திய மூட்டு தளர்ந்து, வேறு ஊரில் மறு அறுவை செய்திருந்தார். ‘உங்களுக்குச் சங்கடமாக இருக்குமே என்றுதான் அங்கே வரவில்லை’ என்றார். அவருடைய மரியாதை என் கணக்கை எவ்வளவு பொய்யாக்கியிருந்தது என்று அன்று விளங்கியது. குமுளிக்கு மேலே அறுவை, கீழே வாழ்க்கை என்று இருக்கும் நம் பகுதியில் இப்படிக் கணக்கிலிருந்து நழுவுகிறவர்கள் ஏராளம். அவர்களில் நலமானவர்களும் உண்டு, நொந்தவர்களும் உண்டு. யார் எத்தனை என்று தெரியாதவரை, வந்தவர்களை வைத்துச் சொல்லும் எந்த விகிதமும் அரைகுறைதான். முதல் கடிதத்தில் குமுளி வாசகர் கேட்ட தொண்ணூறுக்கும் இது பொருந்தும்.

சுவீடனில் முழங்கால் மாற்று அறுவைகளை 1975 முதல் நாடு முழுவதற்கும் ஒரே பதிவேட்டில் எழுதி வருகிறார்கள். ஆஸ்திரேலியாவில் 1999ல் தொடங்கினார்கள். மூட்டு எத்தனை ஆண்டு உழைக்கும் என்று எல்லா நோயாளிகளும் என்னைக் கேட்கிறார்கள். முழு முழங்கால் மாற்றில் நூற்றுக்கு 82 மூட்டுகள் 25 ஆண்டு கடந்தும் மாற்றப்படாமல் நிற்கும் என்று 2019ல் கணக்கிட்டுச் சொல்ல முடிந்தது, அத்தகைய பதிவேடுகளில் யாரும் விடுபடாமல் எண்ணப்பட்டதால்தான். உலோகத்தோடு உலோகம் உரசும் ஒருவகை இடுப்பு மூட்டு விரைவில் பழுதாவதை ஆஸ்திரேலியப் பதிவேடு 2007லேயே சுட்டிக்காட்டியது. 2010ல் அது உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. அதே மூட்டு நம் நாட்டிலும் ஆயிரக்கணக்கானோருக்குப் பொருத்தப்பட்டிருந்தது. நடுவண் அரசு அமைத்த நிபுணர் குழு தேடியபோது, அவர்களில் பெரும்பாலோர் எங்கே இருக்கிறார்கள் என்றே கண்டறிய முடியவில்லை. இழப்பீடு ஒருபுறம் இருக்கட்டும். ‘உங்கள் இடுப்பில் இருப்பதைச் சோதித்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லக்கூட ஆளைப் பிடிக்க முடியவில்லை.

நீங்கள் நலமாக இருப்பதும் அந்த எண்ணிக்கைக்குத் தேவையான செய்தி. மூட்டைச் சுற்றியுள்ள எலும்பு தேய்வது சில நேரம் வலி தெரியுமுன்னரே எக்ஸ்ரேயில் தெரியும் என்பதால் உங்களுக்கும் அதில் பயன் உண்டு. செலவைப் பற்றிய உங்கள் வருத்தம் நியாயமானது, அதை அவர்களிடம் நேராகச் சொல்லுங்கள். ஆய்வுக்காக வரச் சொல்கிறவர்கள் போக்குவரத்துச் செலவைத் திருப்பித் தருவது வழக்கத்தில் உள்ளது. தர இயலாது என்றால், கேள்விகளைத் தொலைபேசியிலேயே தமிழில் கேட்கச் சொல்லுங்கள், எக்ஸ்ரேயைத் தேனியிலோ கம்பத்திலோ எடுத்துக் கைப்பேசியில் அனுப்புவதாகச் சொல்லுங்கள். பெரும்பாலான ஆய்வுகள் இதை ஏற்கும். ஓராண்டுக்கு ஒருமுறை போதும்.

இன்னொன்று. அறுவையின்போது, பொருத்திய மூட்டின் பெட்டியிலிருந்து சிறு ஒட்டுத்தாள்களைப் பிரித்து உங்கள் கோப்பில் ஒட்டியிருப்பார்கள். நிறுவனத்தின் பெயர், அளவு, தொகுதி எண் எல்லாம் அதில்தான் இருக்கும். நகல் உங்கள் கையில் இல்லையென்றால், இந்த முறை கேட்டு வாங்கி, குடும்ப அட்டையோடு சேர்த்து வையுங்கள். கைப்பேசி எண்ணை மாற்றினால் அவர்களுக்குத் தெரிவித்துவிடுங்கள். மகனின் எண்ணையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.